பதினாலாம் நம்பர்

1938ஆம் வருஷம் திண்டிவனத்து ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் முப்பது பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அவர்களில் ஜெயமும் பொன்னியும் மட்டும் சேரியிலிருந்து வந்தவர்கள். விடுதிக் கிணற்றில் அவர்கள் தண்ணீர் இறைக்கக் கூடாது. மற்றவர்கள் இறைத்து ஊற்றினால் வாங்கிக்கொள்ளலாம்.

பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது, பரீட்சைக்குப் படிக்க இவர்கள் இருவரும் தங்கிவிட்டார்கள். ஊற்ற ஆளில்லை. இரண்டாம் நாள் ஜெயம் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துவிட்டாள். "வேணாண்டி, யாராவது பாத்துட்டா படிப்பே போயிடும்" என்று கையை விலக்கியவள் பொன்னி. ஏரித் தண்ணீரைக் குடித்தார்கள். பொன்னிக்கு வாந்தியோடு போயிற்று. ஜெயம் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரயிலில், பொன்னியின் மடியிலேயே உயிர் அடங்கிப்போனாள்.

பள்ளி திறந்த பிறகு பட்டப்பகலில் பொன்னிக்கு ஜெயத்தின் குரல் கேட்கத் தொடங்கியது. பாடம் எழுதும்போது இடப்பக்கத்தில் ஜெயம் உட்காரும் காலியிடத்திலிருந்து, "பொன்னி, தண்ணி" என்று மெதுவாக வரும். திரும்பினால் வெறும் பெஞ்சு.

கிணற்றை எல்லோருக்கும் விடவேண்டும் என்று மனு எழுதி, போலீஸ்காரர் மகள் கோவிந்தம்மாளிடம் கையெழுத்துக் கேட்டாள்.

"நாங்கதான் ஊத்திக்கினு இருந்தோமே, பொன்னி."

"நீங்க இல்லாத நாள்லதான் அவ செத்தா."

கோவிந்தம்மாள் கையெழுத்துப் போடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைமையாசிரியை மனுவைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

வருகைப் பதிவேட்டில் பதினாலாம் நம்பரான ஜெயத்தின் பெயரை இன்னும் அடிக்கவில்லை. மறுநாள் வருகை எடுத்த ஆசிரியை பழக்கத்தில், "பதினாலு" என்றார். பொன்னி எழுந்தாள்.

"தண்ணி கெடைக்காம செத்துட்டாங்கம்மா."

"காலரான்னு ரிஜிஸ்தர்ல எழுதியாச்சு. உட்காரு."

அடுத்த நாள் ஆசிரியை பதிமூன்றிலிருந்து நேராகப் பதினைந்துக்குத் தாவினார். அப்போது எழுந்தவள் கோவிந்தம்மாள்.

"பதினாலு தண்ணி கெடைக்காம செத்துட்டாங்கம்மா. நாங்க கிணத்த அவளுக்கு விடல."

மூன்றாம் நாள் ஆறு பேர் எழுந்தார்கள். வாரக் கடைசியில் மனுவில் இருபத்திரண்டு கையெழுத்து. அதைத் தலைமையாசிரியைக்குத் தராமல் கடலூரிலிருந்த கல்வி அதிகாரிக்கே தபாலில் அனுப்பினார்கள். பங்குனியில் அதிகாரி அம்மாள் நேரில் வந்து, இருபத்தொன்பது பெண்களும் ஒரே கயிற்றில் இறைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் குடத்தைப் பொன்னிதான் இறைத்தாள். குடம் பாதிக் கிணறு ஏறும்போது காதருகே அந்தக் குரல் வந்தது. கயிறு வழுக்கி உள்ளங்கை கிழிந்தது.

அந்த ஞாயிறு அவள் கிளியனூருக்குப் போனாள். ஜெயத்தின் தாய் சவுரியம்மாள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கிடையே களை வெட்டிக்கொண்டிருந்தாள். கிணறு திறந்ததைச் சொன்னாள் பொன்னி. பிறகு, ஜெயத்தின் கையைத் தான் விலக்கியதையும் சொன்னாள்.

சவுரியம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்ற?"

"வேற யார்கிட்டம்மா சொல்வேன்?"

"பரீட்ச எப்போ?"

"அடுத்த மாசம்மா."

"எழுது. அவ எழுத வேண்டியதுக்கும் சேத்து எழுது. ஆனா இந்தப் பக்கம் வராத. ஒன்னப் பாத்தா எனக்கு அவ மொகந்தான் தெரியுது."

பொன்னி புதுச்சேரி சாலைக்கு ஏறி, தனக்கு இடப்பக்கம் ஓராள் நடக்க இடம் விட்டபடி, திண்டிவனம் நோக்கி நடந்தாள்.