திறந்து வைத்த பாலம்

திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து எங்கள் நடைபாலத்தில் ஊற்றிய காங்கிரீட் இறுகவில்லை. நடுவில் ஒரு பேருந்து நீளத்துக்கு இடைவெளி இருக்கும்போதே, குறித்த தேதி தள்ளிப்போகக் கூடாதென்று அதிகாரிகள் ரிப்பனை வெட்டிவிட்டார்கள். இடைவெளி படத்தில் விழாதபடி மறைத்து நின்று கைதட்டினார்கள். பாலம் அதை நம்பிவிட்டது. அதன்பின் எதை ஊற்றினாலும் தண்ணீராக வழிந்து கீழே நெடுஞ்சாலையில் கொட்டியது. கட்டிய கம்பியெல்லாம் விடிவதற்குள் அவிழ்ந்து கிடந்தது. பொறியாளர் சிமெண்டை மாற்றினார், மணலை மாற்றினார், கொத்தனாரையும் மாற்றினார். கடைசியில், முடிந்துபோனதாக நினைத்துக்கொண்டிருக்கும் பாலத்தை முடிக்க வழியில்லை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். திறந்தாகிவிட்ட பாலத்துக்கு மேற்கொண்டு வேலை எதற்கு என்று மேலிடம் கேட்டது. ஆக, பாலமும் அலுவலகமும் ஒரே கட்சி.

இதில் வயிறெரிந்தவள் தையல்காரி. சாலை வருவதற்கு முன் அவள் கடையும் அக்காள் வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அக்காளுக்கு அவளை விட்டால் ஆளில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, ஊட்டிவிட்டுத் திரும்பலாம். நெடுஞ்சாலை தெருவை இரண்டாகப் பிளந்து, இருபுறமும் ஆளுயர வேலியும் போட்டது. ஊரைச் சுற்றிப் பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் சாப்பாடு ஆறிவிடும். சில நாள் மதியமே போய்விடும். வாரந்தோறும் அவள் பொறியாளரிடம் போய்க் கேட்டாள். வாரந்தோறும் அவர் தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்றார். சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்தது.

ஒரு காலை கடை மாடியில் துணி உலர்த்தும்போது சாலைக்கு அப்பால் அக்காள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அக்காள் கட்டிலிலிருந்து விழுந்து, எழ முடியாமல் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். நிறுத்தத்தில் பேருந்து எதுவும் இல்லை. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரி விறுவிறுவென்று பாலத்தில் ஏறி, தடுப்புப் பலகையை எட்டி உதைத்தாள்.

“அம்மா, அதுக்கு மேல பாலம் இல்ல,” என்று பாலத்தடியில் நின்றிருந்த பொறியாளர் பின்னாலேயே ஓடினார்.

“திறந்து வச்சாச்சுன்னு உங்க ஆபீஸ்லதானே சொன்னாங்க? அப்புறம் என்ன?”

திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். இடைவெளியின்மேல் அவள் செருப்பு சிமெண்டில் படுகிற சத்தம் கேட்டது. கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அக்காளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

மறுநாளிலிருந்து எல்லோரும் அப்படியே போய்வருகிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நடுவில் காற்று நன்றாக வருகிறதென்று நின்று வம்பளக்கிறார்கள். அலுவலகம் அதே இடத்தில் எச்சில் துப்பாதீர் என்று பலகை மாட்டியிருக்கிறது. பொறியாளர் மட்டும் விஷயம் தெரிந்தவர் என்பதால் இன்னும் பேருந்தில் சுற்றித்தான் வருகிறார்.

தையல்காரி இப்போது வேளாவேளைக்குச் சூடாகக் கொண்டுபோகிறாள். ஒரு மதியம், முதல் வாயை விழுங்கிவிட்டு, அக்காள் குழறலாகக் கேட்டாள்: “இத்தனை வருஷமும் இப்படியே வந்திருக்கலாமேடி?”

தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வாயை ஊட்டினாள்.