நடுச்சுவர்

டெய்லர் தன் சந்துக்குக் கதவு போட்ட அன்றைக்கு வெல்டர் ஒரு வண்டி நிறைய இருபதடி இரும்புக் குழாய்களோடு வந்து நின்றார். சந்தின் வாயில் புத்தம் புதுத் தகரக் கதவு, அதில் கைப்பிடி கனத்துக்கு ஒரு பூட்டு. திருடனுக்குப் போட்ட பூட்டு இல்லை என்பது பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு பேரும் அரைக்கால் சட்டை வயசிலிருந்தே நகமும் சதையுமாக இருந்தவர்கள். அடுத்தடுத்த மனையாகச் சேர்ந்து வாங்கினார்கள். வெல்டர் முதலில் வீடு கட்டினார். டெய்லருக்கு முறை வந்தபோது கை வறண்டு கிடந்தது. "உனக்கு எதுக்குடா தனிச் சுவரு? என் சுவத்து மேலயே உன் உத்தரத்த வையி" என்றார் வெல்டர். பதிலுக்கு டெய்லர், தன் வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து விட்டார். அது வழியாகக் கொல்லைக்குப் போய்த் திரும்பினால் வெல்டரின் பட்டறை. நீள இரும்பு உள்ளே போக வேறு வழியே கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். "எழுதி வச்சுக்கலாமேங்க" என்று வெல்டரின் மனைவி அப்போதே சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெல்டர் நேரே தையல் கடைக்குப் போனார்.

"என்னடா இது, கதவு?"

"எங்க வீட்டு மாப்ள அதுல ஒரு கடை போடணும்ங்கிறாரு." டெய்லர் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சர்வேயர வச்சு அளந்து கல்லும் நட்டாச்சு. சந்து என் எல்லைக்குள்ள இருக்கு. பத்திரத்துல வழின்னு ஒண்ணும் இல்ல."

"நாம பேசிக்கிட்டதுடா."

"பேசினது பேச்சோட போச்சு."

சொல்லிவிட்டுக் கத்தரியால் துணியை நறுக்கென்று வெட்டினார். சந்து போனதைவிட, ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னதுதான் வெல்டருக்குத் தாங்கவில்லை.

குழாயைக் கூடத்து வழியாக நுழைத்துப் பார்த்தார். முன் முனை அடுக்களை மேடையில் இடித்தது, பின் முனை இன்னும் தெருவிலேயே இருந்தது. குழாய்கள் வாசலுக்கு வெளியே நீட்டியபடி கூடத்தில் கிடந்தன. கேட்டுக்கும் கம்பிச் சன்னலுக்கும் சொல்லி வைத்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருப் பட்டறைக்கு நகர்ந்தார்கள். வெல்டர் சாப்பாட்டில் கை வைத்தபடி நடுச்சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி வெறித்த ஒருநாள்தான் அந்த யோசனை வந்தது. எழுந்து போய் சர்வேயர் நட்ட கல்லைப் பார்த்தார். சுவர் முழுக்க முழுக்க அவர் எல்லைக்குள் நின்றது. அளக்க வைத்ததே டெய்லரின் மாப்பிள்ளைதான்! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"என் சுவத்த இடிக்கப் போறேன். உன் உத்தரத்த எடுத்துக்க" என்று டெய்லரிடம் சொன்னார்.

டெய்லர் சிரித்தார். "இடிச்சா உன் கூரையும் சேர்ந்துதான்டா விழும். போய் ஏதாச்சும் வேலை இருந்தா பாரு."

தெருவும் சிரித்தது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கையே அறுத்துக்கொள்கிற ஆள் என்றார்கள். சிரித்த யாருக்கும் அவர் தொழில் என்ன என்பது ஞாபகம் வரவில்லை.

வெல்டர் இயந்திரத்தைக் கூடத்துக்கு இழுத்து வந்தார். வாடிக்கையாளர் கேட்டுக்கு வாங்கிய குழாய் உட்பட வீட்டில் கிடந்த இரும்பையெல்லாம் வெட்டித் தூண்களாக நட்டார். மேலே நீளத்துக்கு ஒரு இரும்பு விட்டம் கொடுத்துப் பற்றவைத்தார். கூடம் கரிபிடித்துச் சுடுகாடு மாதிரி ஆனது. இப்போது அவர் கூரைக்குச் சுவர் தேவையில்லை. உளியை எடுத்துத் தன் பக்கத்திலிருந்து செங்கலை ஒவ்வொன்றாகப் பெயர்க்க ஆரம்பித்தார்.

டெய்லர் வீட்டுச் சுவரில் விரிசல் ஓடியது. ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியே வெல்டரின் முகம் தெரிந்தது.

டெய்லர் ஓடி வந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் சாவி.

"இந்தாடா சாவி. நாளைக்கே சந்த உன் பேருக்கு எழுதித் தரேன். மாப்ள பேச்சக் கேட்டுப் புத்தி கெட்டுப் போயிட்டேன். நிறுத்துடா."

"வாங்கிக்கங்க" என்றாள் வெல்டரின் மனைவி. "நமக்கு வேண்டியது இதானேங்க? அன்னைக்கு எழுதாதத இன்னைக்கு எழுதிக்குவோம்."

அவள் சொன்னது சரி. வெல்டருக்கும் அது தெரியும். ஆனால் டெய்லர் இப்போது அவரை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்க. அந்தப் பார்வை எத்தனை சந்து கொடுத்தாலும் ஈடாகாத இனிப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது.

"எனக்கு வழி வேணாம். பொண்டாட்டி புள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போ" என்று உளியை உத்தரத்துக்கு அடியில் வைத்தார்.

"அண்ணே, வேணாம்ணே!" டெய்லரின் மனைவி தையல் மிஷினைக் கட்டிப்பிடித்தபடி தெருவில் நின்று கத்தினாள். உத்தரம் சரிந்தது. பின்னாலேயே ஓடுகள் மளமளவென்று இறங்கின.

டெய்லர் குடும்பம் ஊரின் அந்தக் கோடியில் வாடகைக்குப் போய்விட்டது. போகும்போது டெய்லர் பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளிவிட்டுப் போனார். அது அப்படியே திறந்து கிடக்கிறது. வெல்டர் அந்தச் சந்தில் இன்றுவரை கால் வைக்கவில்லை. அவன் விட்டுப்போன வழியில் போனால் அவன் கொடுத்ததாகிவிடுமாம். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. சுவர் இல்லாத கூடத்தில், இரும்புத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து, "நான்தானே ஜெயிச்சேன்?" என்று மனைவியைக் கேட்பார்.

அடுத்த தெருப் பட்டறையில் கூலி வேலைக்குக் கிளம்பச் சொல்லி, அவள் சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுப்பாள்.