சொந்த முகவரிக்குப் பத்துக் காரணங்கள்

சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் தனிமனிதரின் எழுத்தை, எழுதியவரைத் தவிர, மின்சாரம் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை. ஒரு மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே இதை அறிவித்தவனை அலுவலகத்தில் எல்லோரும் 'காரணம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவருக்கும் டைல்ஸ் கடைக்கும் பூச்சிமருந்து அடிப்பவருக்கும் இணையதளம் செய்து கொடுக்கும் அலுவலகம் அது. 'உங்களுக்கென்று ஓர் இணையதளம் ஏன் அவசியம்? பத்துக் காரணங்கள்' என்று தொழிலுக்குத் தொழில் எழுதித் தருவது அவன் வேலை. பல் மருத்துவருக்கு எழுதியதில் பல்லைப் பிடுங்கிவிட்டு டைல்ஸைப் பதித்தால் அடுத்த வாடிக்கையாளருக்கு ஆயிற்று. ஒருமுறை மாற்ற மறந்து, 'உங்கள் புன்னகைக்கு ஒரு முகவரி' என்ற வரி பூச்சிமருந்துக்காரரின் தளத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பூச்சிமருந்துக்காரர் உட்பட ஒருவரும் கேட்கவில்லை. தன் கருத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பான்.

"வியாபாரிக்காவது விக்க ஒரு சாமான் இருக்கு. தனி ஆளுக்கு என்ன இருக்கு? மனசு. அத யாரு வாங்குவா? எழுதிட்டு, லிங்க்க தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் அலையணும், படிச்சீங்களா படிச்சீங்களான்னு. பிச்சை கேக்குறவங்க கூட இல்லன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் யாருக்கும் அவன் அக்காவுக்கு ஓர் இணையதளம் இருப்பது தெரியாது.

அக்கா ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்பவள். அழைப்பிதழ், இரங்கல் அறிவிப்பு, பள்ளிக்கூட ஆண்டுமலர், கடைத் துண்டறிக்கை என்று காலையிலிருந்து அடுத்தவர் வாக்கியங்களை அடித்து, பிழை திருத்தி, பக்கம் கட்டிக் கொடுப்பாள். நாளெல்லாம் திரையைப் பார்ப்பவள் பையிலும் ஒரு திரையைச் சுமக்க வேண்டுமா என்று பொத்தான் அழுத்திப் பேசும் கைபேசியையே வைத்திருந்தாள். அச்சகத்தில் கழித்துப் போட்ட கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அதில் தனக்கொரு இணையதளம் செய்துகொண்டாள். முதலில் தம்பியைத்தான் கேட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். அவனுடைய அடுத்த வாரங்கள் அவளுக்குப் பழக்கம்தான்.

முகநூலில் போட்டால் போதுமே, எதற்குத் தனியாக ஒன்று என்று அப்போது கேட்டான். அடுத்தவருக்குப் பத்துக் காரணம் எழுதிக் கொடுப்பவன் கேட்கிற கேள்வியா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்கடா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள யாரோட நாய்க்குட்டியோ குறுக்க வந்துடுது. எனக்கு ஒரு கதவு, உள்ள ஒரு நாற்காலி போதும். வர்றவங்க உக்காந்து படிச்சிட்டுப் போகட்டும்."

"வாடகை வீட்ல இருந்துக்கிட்டு இணையத்துல சொந்த வீடு. நடத்து."

நடத்தினாள். ஒவ்வொன்றாக எழுதிப் போட்டாள். போட்டதும் வீட்டில் சொல்வாள். வீடும் குறை வைக்கவில்லை. அவள் கணவர், இவனுக்கு மாமா, ஒவ்வொரு தடவையும் "உன் எழுத்துல ஒரு ஆழம் இருக்கு" என்பார். கிணற்றை எட்டிப் பார்த்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அம்மா மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பெண் இணையத்தில் எழுதுகிறாள் என்று சொல்லிப் பூரித்தாள். காரணத்துக்கோ பார்க்காத பொருளைப் புகழ்வது மாதச் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. "முடிவு எதிர்பாக்கல" என்பான். "நடுவுல கொஞ்சம் இழுக்குது, ஆனா பிடிச்சு நிறுத்திட்ட" என்பான். ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. நல்லவிதமாக இரண்டு வார்த்தை சொல்வதில் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தான்.

பதிப்பகம் ஒன்றில் உதவி ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தபோது அக்கா மாறிப்போனாள். இரண்டு தடவை தலைவாரிக்கொண்டாள், வீட்டுக்குள்ளேயே. அடுத்தவர் வாக்கியத்தை அடித்தது போதும், இனி திருத்துகிற இடத்தில் உட்கார வேண்டும். உங்கள் எழுத்தை எங்கே படிக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். அச்சில் வந்தது எதுவும் அவளிடம் இல்லை. தளத்தின் முகவரியை மட்டும் எழுதி அனுப்பினாள். கூப்பிட்டு அனுப்பினார்கள். போவதற்கு முதல் நாள் மாலை தம்பியிடம் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவ உன் போன்ல தொறந்து பாரேன். எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கான்னு சொல்லு. வயசானவங்க யாராச்சும் இருந்தா கஷ்டப்படக் கூடாது."

அவன் ஒரு சமையல் வீடியோவில் மூழ்கியிருந்தான். சமைக்கத் தெரியாதவன். கட்டைவிரலைக்கூட நகர்த்தாமல் சொன்னான்: "பாத்துட்டேன்க்கா. எழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

மறுநாள் அவளைப் பின்னால் வைத்து வண்டியில் கூட்டிப்போனதும் அவன்தான். பதிப்பகக் கட்டிடத்தின் கீழே, வண்டிகள் நிற்கும் இடத்தில் காத்திருந்தான். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். அழவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. கையை நீட்டி அவன் போனைக் கேட்டாள். வாங்கி, பழக்கமில்லாத விரலால் முகவரியை மெதுவாக அடித்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"படி."

வெள்ளைத் திரையில் ஆங்கில எழுத்துகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. நடுநடுவே அரைப்புள்ளிகள். ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. யாரோ விசைப்பலகையின்மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது.

"அக்கா, இது..."

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குன்னியே. சத்தமாப் படி."

வண்டி எடுக்க வந்த ஒருவர் நின்று பார்த்தார். காரணம் படித்தான். "எம்... கே... அரைப்புள்ளி... கே... எச்."

"அது 'அம்மா'டா," என்றாள் அக்கா. "மேல படி."

அச்சகங்களில் இன்னும் புழங்குகிற பழைய எழுத்துரு அது. அதில் 'அ' என்பது உள்ளபடி 'அ' அல்ல, அகர வேஷம் கட்டிய ஆங்கில எம். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் வேஷம் நிற்கும். இல்லாத இடத்தில் கலைந்துவிடும். அச்சகத்தில் இருந்தது, வீட்டுக் கணினியிலும் இருந்தது. படிக்க வருகிறவர்களின் கருவி எதிலும் இல்லை. அவள் கதவைத் திறந்து நாற்காலி போட்டுக் காத்திருந்தது வாஸ்தவம்தான். உள்ளே வந்த யாருக்கும் நாற்காலி கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே பதிப்பகத்தில், நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் அப்போதுதான் முதன்முறையாக அதைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பி, கிண்டலே இல்லாமல், இது என்ன மொழி என்று கேட்டிருக்கிறார். வேலை கேட்டு வருமுன் தன் பக்கத்தை ஒருவரிடமாவது காட்டியிருக்கக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறார். காட்டினேன், எல்லோரும் படித்தார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவள் ஒருவர் விடாமல் விசாரித்தாள், சாந்தமாக, மெய்ப்புப் பார்ப்பது போல வரி வரியாக. மாமா தண்ணீர் குடிக்கப் போனார், வெகுநேரம் குடித்தார். அம்மா மட்டும் மலங்க விழித்தாள்.

"நான் பாத்தேனே. பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல போட்டுக் காட்டிச்சு. ஒரே இங்கிலீஷா இருந்துச்சு. நீ இங்கிலீஷ்ல எழுதுறியாக்கும்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

அந்த வீட்டில் உண்மையாகவே திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். அக்கா சிரித்தாள்.

மறுநாள் காரணம் அலுவலகத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் பத்துக் காரணம் எழுத வேண்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு அக்காவின் பக்கங்களை எடுத்துப் போட்டான். பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்ற மென்பொருள் உண்டு. ஆனால் அது கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் பிய்த்துப் போட்டுவிடும். 'கொடு' என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு தனியாக நிற்கும். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத்தான் சேர்க்க முடியும். அதாவது, படித்தால்தான் முடியும்.

படித்தான். கல்யாண அழைப்பிதழில் தன் பெயருக்குப் பின்னாலிருந்த பட்டத்தைத் தானே வந்து சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போன மணப்பெண் ஒருத்தி வந்தாள். மாப்பிள்ளை அவ்வளவு படிக்கவில்லையாம். 'நான் அதை நீக்கினேன். இடைவெளி அசிங்கமாகத் தெரியாதே என்று இரண்டு தடவை கேட்டாள். தெரியாது என்றேன். தெரிந்தது.' இவ்வளவுதான் அக்கா எழுதியிருந்தாள். காரணம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். இன்னொன்றின் அடியில் சிறிதாக ஒரு குறிப்பு இருந்தது: தம்பி படித்துவிட்டு மூன்றாம் பத்தி நீளம் என்றான், சுருக்கியிருக்கிறேன். அதற்குப் பின் எழுதிய எல்லாவற்றிலும் மூன்றாம் பத்தி ஒற்றை வரியாக இருந்தது. அப்படி ஒன்றைச் சொன்னதாகவே அவனுக்கு நினைவில்லை.

மாற்றி முடித்ததும் பதிப்பகத்துக்குப் போன் செய்தான். அக்காவின் எழுத்து இப்போது தமிழில் தெரிகிறது, அனுப்பி வைக்கிறேன், தயவுசெய்து ஒரே ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்றான். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். வேலைக்காக வேண்டாம், சும்மா படியுங்கள் என்றான். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள் என்பது அவனுக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஈரம் இல்லாத கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தான். வரிகளுக்கு நடுவே காற்றோட்டம் விட்டிருந்தான். தாளின் நிறத்தைப் பின்னணியில் கொடுத்திருந்தான். தொழில் தெரிந்தவன். மணப்பெண் பக்கத்தை அக்கா கடைசிவரை தள்ளிப் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுது," என்றாள்.

"எல்லாத்தையும் படிச்சேன்க்கா. நெஜமா."

"அப்படியா."

"இத ஏத்திடலாம். எந்த போன்லயும் தெரியும்."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொரு சட்டையை எடுத்து உதறினாள்.

"வேண்டாம்டா. உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நீ ஒண்ணு ஆரம்பி. நீ எழுது. நான் படிக்காமயே நல்லாருக்குன்னு சொல்றேன்."

அன்று மாலைக்குள் அவள் தன் தளத்தையே எடுத்துவிட்டாள். முகவரியை அடித்தால் அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது, நல்ல தெளிவான எழுத்தில். அச்சகத்துக்கு வழக்கம்போலப் போனாள், வந்தாள். யாரிடமும் கோபம் காட்டவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மாமா சொன்னால் மட்டும் கை ஒரு கணம் நிற்கும், அவரை ஏறிட்டுப் பார்ப்பாள்.

காரணத்தை அலுவலகத்தில் இப்போதும் காரணம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மதிய இடைவேளைகளில் அவன் முன்போல் தீர்ப்புச் சொல்வதில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில வாரங்களாக ஒன்றை எழுதி அழித்து எழுதினான். வண்டிகள் நிற்கும் இடத்தைப் பற்றியது. வேலையில் பழகிய விரல்கள் எங்கெல்லாம் ஒரு மினுக்கல் சொல்லைப் போடப் போகின்றனவோ அங்கெல்லாம் நிறுத்தி, நடந்ததை நடந்தபடி எழுதப் பார்த்தான். தன் சொந்தப் பெயரில், யாருக்கும் சொல்லாமல், ஒரு முகவரி வாங்கி அதில் ஏற்றினான். அக்காவிடம் மட்டும் சொன்னான். அவள் தட்டிலிருந்து நிமிரவில்லை. "படிச்சேன்டா. பிரமாதம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கைபேசிகள் விற்கும் பெரிய கடையொன்றுக்குள் நுழைந்தான். நீள மேசையில் விலை உயர்ந்தது, மலிவானது, சிறிய திரை, பெரிய திரை என்று வரிசையாகக் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து முகவரியை அடித்தான். எழுத்து வருகிறதா, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா, வெளிச்சம் குறைத்தாலும் தெரிகிறதா என்று சாய்த்துப் பார்த்தான். விற்பனையாளர் வந்து, சாருக்கு எந்த விலையில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சும்மா பார்க்கிறேன் என்றான். மேசையின் கடைசிவரை போனான். திரும்பியபோது வரிசை முழுக்க அவன் எழுதிய பக்கமே ஒளிர்ந்துகொண்டிருந்தது. சில திரைகள் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தன.

நடுவயதுப் பெண் ஒருத்தி மலிவான கைபேசி ஒன்றைக் கையில் எடுத்தாள். கனம் பார்த்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவன் பக்கத்தை மூடிவிட்டுப் படம் எடுத்துப் பார்ப்பாள் என்று நினைத்தான். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினாள். கைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கட்டைவிரலால் மெதுவாக மேலே தள்ளினாள். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தள்ளினாள். பத்தடி தள்ளி, ஹெட்போன்களின் விலையைப் பார்ப்பது போல நின்றிருந்தவன், அவள் விரல் அடுத்து எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.