புள்ளிகளுக்கு நடுவுல ஒரு வீடு

"ரெண்டு பாகம், களிமண்ணு!"

படகோட மூக்குல நின்னுக்கிட்டு குண்டுக்காரர் கத்தினார். ஈயக்குண்டைக் கயித்துல கட்டிக் கடல்ல வீசி ஆழம் பார்க்கிறது அவர் வேலை. ரெண்டு கையையும் விரிச்ச நீளம் ஒரு பாகம். ஆளு என்னவோ ஒட்டடைக்குச்சி, பேரு மட்டும் குண்டுக்காரர். குண்டோட அடியில ஒரு குழி, அதுல கொழுப்பு அப்பியிருக்கும். மேல இழுக்கிறப்போ அடியில கிடக்கிற மண்ணு அதுல ஒட்டிக்கிட்டு வரும். விரல்ல தேய்ச்சுப் பார்த்தே மணலா, சேறா, சிப்பித் தூளான்னு சொல்லிடுவார். பின்னாடி உக்காந்திருக்கிற சர்வேயர், கரையில நட்ட கொடிங்களைக் கருவியில பார்த்து, படகு நிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, அதுல ஆழத்தைக் குறிப்பார். வெயில்ல அவர் கழுத்து தோலுரிஞ்சு கிடந்துச்சு. ஆறு கொண்டாந்து கொட்டுற மண்ணால கரை இடம் மாறிக்கிட்டே இருக்கு. பழைய கடல் வரைபடத்தை நம்பி வர்ற கப்பலுங்க தரை தட்டி நின்னுடுது. அதுக்குத்தான் புதுப் படம்.

பழைய படத்துல வெறும் கடலா இருந்த இடத்துலதான் இப்ப குண்டுக்காரர் வீடு இருக்கு. முந்தின வீட்டை ஆறு கரையோட சேர்த்து அரிச்சுட்டுப் போயிடுச்சு. புருசனும் பொண்டாட்டியும் முகத்துவாரத்துல புதுசா எழும்பின திட்டுல குச்சி நட்டு, மண்ணு பூசிக் குடியேறிட்டாங்க. படத்துல அது நிலம்னு வந்தாத்தான் பட்டா கிடைக்கும். வருசத்துலயே பெரிய கடல் ஏத்தத்துல முங்காம நின்னா நிலம், கோடு போடுவாங்க. முங்கிட்டா கடல், வெறும் புள்ளி.

அந்தப் பெரிய ஏத்தம் அன்னிக்குத்தான்.

துடுப்பு போட்டவர் குண்டுக்காரரோட மச்சான், பொண்டாட்டிக்கு அண்ணன். படகு திட்டுப் பக்கம் திரும்பினதும் காதோட காதா சொன்னார்: "மாப்ளே, தண்ணி வந்திருந்தாலும் வரலன்னு சொல்லிடு. வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"நிலம்னு போட்டா, ராத்திரி ஏத்தத்துல வர்றவன் நிலத்தைத் தேடுவான் மச்சான். தெரியலன்னா இன்னும் தூரம் இருக்குன்னு நெனச்சு நேரா வந்து திட்டு மேல ஏறிடுவான்."

"ஏறினவன் வந்து உனக்கு வீடு கட்டிக் குடுப்பான், போ."

குண்டுக்காரர் கயித்தைச் சுருட்டினார். அப்படித் தரை தட்டி உடைஞ்ச ஒரு கப்பல்லேர்ந்து ஆளுங்களை இழுத்துப் போட்டவர் அவர். பாதிப் பேருக்கு மூச்சில்ல.

வாசல்ல அவர் சம்சாரம் கோழியை இடுக்கிக்கிட்டு நின்னுச்சு. காலையிலேர்ந்து அள்ளிப் போட்ட மண் வரப்பு கரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. சர்வேயர் கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சார். "உப்புப் படிஞ்சிருக்கு, ஒண்ணும் தெரியல. நீ சொல்றதை எழுதிக்கிறேன்பா."

குண்டுக்காரர் இறங்கி வாசப்படிக்கு முன்னாடி அளவுகோலை ஊனினார். சம்சாரம் அவர் முகத்தையே பார்த்துச்சு. கடல்ல கத்துற அதே குரல்ல கத்தினார்:

"ஒரு சாண் தண்ணி, சேறு!"

"இன்னொரு தடவை பாரு," சர்வேயர் குரல் இறங்கியிருந்துச்சு.

பார்த்தார். "ஒரு சாண்தாங்க ஐயா."

"ஊருல யாருக்கும் நாக்குல எலும்பு இல்ல. உங்களுக்கு மட்டும் இருக்கு," சம்சாரம் முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிச்சு. அப்புறம் கையை நீட்டுச்சு. "சரி, ஏறி வாங்க. கால் ஊறிக் கிடக்கு."

படம் முடிஞ்சதும் சர்வேயர் தானே எடுத்துக்கிட்டு வந்து காட்டினார். ஒவ்வொரு ஓடையும் ஒவ்வொரு மணல் முதுகும் முடியிழை மாதிரிக் கோட்டுல அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. திட்டு இருந்த இடத்துல புள்ளிங்க. புள்ளிங்களுக்கு நடுவுல கறுப்பா ஒரு சின்னச் சதுரம்.

"இது எங்க வீடாங்க?"

"ஆமாம்மா. சுத்துவட்டாரத்துல இதைவிட உயரமா எதுவும் இல்ல. பகல்ல வர்ற கப்பலுக்கு இதுதான் அடையாளம். கடல் பக்கத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சுடுங்க." பட்டான்னு பேச்சு வர்றதுக்கு முன்னாடியே படத்தைச் சுருட்டி, தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அடுத்த ஏத்தத்துல குண்டுக்காரர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டார். சம்சாரம் கணுக்கால்ல தண்ணி சொட்டச் சொட்ட மேல ஏறிச் சுண்ணாம்பு பூசுச்சு. தூரத்துல ஒரு பாய்க்கப்பல் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துட்டு, மெதுவா ஆழம் இருக்கிற பக்கமாத் திரும்பிப் போச்சு.