பதினாலாவது விமானம்

“கண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு? அது மஞ்சள், மாப்பிள்ளை! மஞ்சள்!”

“கத்தாதீங்க மச்சான். கறுப்பு. பக்கத்துல சிலுவைக் குறி இருக்கு பாருங்க, அதே கறுப்பு.”

“அந்தக் காலத்துப் போட்டோத் தட்டுல எடுத்தா மஞ்சளும் கறுப்பாத்தான் விழும்னு பதினோரு வருஷமா சொல்றேன். சுவத்துக்கிட்டச் சொல்லியிருந்தா இந்நேரம் சுவரே ஸ்டுடியோ வச்சிருக்கும்.”

“சுவரு வச்சிருந்தா மூடாம நடத்தியிருக்கும்.”

எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டார். மிதித்துக்கொண்டே கேட்டால் பாதிப் பேச்சு தப்பிப் போகும். சனிக்கிழமை காலையில், சன்னலுக்கு நேர் எதிரே, இவ்வளவு தெளிவான ஒரு சண்டை என்றைக்கோ ஒருநாள்தான் அமைகிறது. முதலில் சொத்துத் தகராறு என்று நினைத்தார். பிறகு யாரோ ஒரு பெண்ணின் நிறத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக் காதை இன்னும் கொஞ்சம் நீட்டினார். கடைசியில் அது ஒரு விமானத்தின் இடுப்பைச் சுற்றியிருந்த பட்டையைப் பற்றியது என்று தெரிந்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அதுவும் எப்பேர்ப்பட்ட விமானம்! நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த முதல் உலகப் போரில் பறந்தது. இரண்டடுக்கு இறக்கை வைத்த ஜெர்மன் சண்டை விமானம். ஓட்டினவனும் போய்ச் சேர்ந்தாச்சு, சுட்டவனும் போய்ச் சேர்ந்தாச்சு. இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் அதன் பட்டைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

மாப்பிள்ளை என்று அழைக்கப்பட்டவருக்குத் தெரு வைத்த பெயர் கலர்காரர். கார் பட்டறையில் பெயிண்ட் கலக்குகிறவர். எங்கேயாவது இடித்து நசுங்கிய கார் வந்தால், வெயிலில் வெளுத்த பழைய நிறத்துக்கு அச்சு அசலாகப் புது நிறம் கலந்து கொடுப்பார். சொந்தக்காரனே எந்தக் கதவு இடித்தது என்று தேடவேண்டியிருக்கும். மச்சான், அவர் மனைவியின் அண்ணன். போட்டோ ஸ்டுடியோ வைத்து, நடத்தி, மூடியவர். இந்த வினையை வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். பழைய சாமான் கடையில் ஓர் ஆல்பம் வாங்கிவந்தார். உள்ளே ஒரே படைப்பிரிவின் விமானங்கள், வரிசையாக, கறுப்பு வெள்ளைப் படங்களில். ஒருவன் தன் விமானத்தில் இதயம் வரைந்திருந்தான், ஒருவன் ஏணி, ஒருவன் மீன். ஆகாயத்தில் சண்டை மும்முரமாக நடக்கும்போது இது நம்ம ஆள், இன்னார் என்று கூட்டாளிகளுக்குத் தெரியவேண்டுமே, அதற்காக அவரவர் அடையாளம். எந்த அடையாளம் யாருடையது, என்ன நிறம் என்று தோண்டித் துருவிப் புத்தகம் போடுவதென்று மச்சானும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தது. பொழுது போனதோ இல்லையோ, பதினோரு வருஷம் போயிற்று.

படம் போட்டது கலர்காரரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. விமானத்துக்கு ஒரு தாள், பக்கவாட்டில் பார்த்தபடி, வாட்டர் கலரில். பதிமூன்று முடித்தாள். பதினாலாவது பென்சில் கோட்டோடு நிற்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அது ஆகி எட்டு மாதம்.

இந்த எட்டு மாதத்தில் கலர்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தெரு கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வேலைக்குப் போனார், வந்தார். உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் சாப்பிட்டார், இரண்டு தரம் உப்புப் போட்டதையும் சாப்பிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் “உட்காருங்க, ஃபேன் போடட்டுமா?” என்றார். கல் நெஞ்சு என்று தையல்காரம்மா சொன்னார். கல்லாக இருந்தால்கூடத் தொட்டால் சில்லென்று இருக்குமே, இது அதுகூட இல்லை என்று தானே திருத்தியும் சொன்னார்.

ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அந்தப் பதினாலாவது தாளைச் சாப்பாட்டு மேசையில், அவள் உட்காருகிற இடத்தில் வைத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டிருந்தார். அதற்கு எதிரே உட்கார்ந்துதான் மூன்று வேளையும் சாப்பிட்டார். மகள் ஒருநாள் துடைப்பதற்காக அதை நகர்த்தப்போனாள். “அது அம்மா முடிக்காம வச்சிட்டுப் போனது. கை வைக்காத” என்றார். மகள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்வதாக இருந்தாள். அவனுக்கு இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அப்பாவை இந்தத் தாளோடு தனியே விட்டுவிட்டுப் போக மனம் வராமல் இரண்டு தரம் தேதியைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

இப்போது பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதினாலு படமும் வந்து சேரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

“தங்கச்சி மஞ்சள்னுதான் சொன்னா” என்றார் மச்சான், குரலை இறக்கி. “மஞ்சள் போடறதா இருந்தா என் பேரு இருக்கட்டும். கறுப்புப் போட்டீங்கன்னா என் பேரையும் எடுங்க, என் போட்டோவையும் எடுங்க.”

“போட்டோ இல்லாம புத்தகமா?”

“வெறும் தாளா போடுங்க. உங்க மூஞ்சி மாதிரி பளிச்சுன்னு இருக்கும்.”

“மாமா!” என்றாள் மகள்.

“நீ சும்மா இரும்மா. உங்கப்பனுக்கு ஒண்ணும் உறைக்காது.”

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கோபத்தில் ஒரு கால் தன் செருப்பிலும் மறு கால் மாப்பிள்ளையின் செருப்பிலுமாகத் தெரு முனைவரை போனார். அதைத் தையல்காரம்மா மட்டும் பார்த்தார். கூப்பிட்டுச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

கலர்காரருக்கு நிஜமாகவே உறைக்கவில்லை. மறுநாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கண்ணாடித் துண்டை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். கோட்டுக்குள் நிறத்தை நிரப்பி, பட்டைக்குக் கறுப்பு அடித்துவிடுவது, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவது, அவ்வளவுதான். பட்டறையில் கதவுக்கு அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் கறுப்பிலும் பத்து வகை இருக்கிறது. அவள் சிலுவைக்குப் போட்ட கறுப்பு எது என்று பார்த்துக் கலக்கவேண்டும். அதற்காகத் தாள்கட்டுக்குள்ளிருந்து ஒன்பதாவது தாளை உருவிப் பக்கத்தில் வைத்தார். அதுவும் அதே ரக விமானம். அதற்கும் இடுப்பில் ஒரு பட்டை. இது வெள்ளைப் பட்டை.

வைத்த பிறகுதான் பார்த்தார். ஒன்பதில், ஓட்டுகிறவன் உட்காரும் இடத்துக்குக் கீழே, சதுரமாக ஒரு ஒட்டு இருந்தது. குண்டு துளைத்த இடத்தில் துணி வைத்து ஒட்டியது. அதன் ஒரு மூலை மடங்கியிருந்தது. பதினாலிலும் அதே இடத்தில் அதே சதுரம். அதே மூலை மடங்கியிருந்தது. அதைச் சுற்றி மெல்லிய பென்சிலில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். எட்டு மாதமாக மூன்று வேளையும் அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு அந்த வட்டம் கண்ணில் பட்டதே இல்லை.

ஆல்பத்தை எடுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இரண்டு போட்டோவிலும் அந்த மூலை மடங்கியிருந்தது.

பிறகு ஒன்பதாவது தாளின் மேல் விரலை வைத்தார். பெயிண்ட்காரன் கண்ணை நம்புவதற்கு முன்னால் விரலை நம்புவான். சிலுவையைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்பில் நகம் தட்டியது. அங்கே அவள் வெள்ளை நிறம் பூசியிருந்தாள். விரலைப் பட்டைக்கு நகர்த்தினார். எதுவும் தட்டவில்லை. வெறும் தாள். அது வெள்ளைப் பட்டையே இல்லை. நிறம் பூசாமல் விட்ட இடம். பட்டறையில் வெள்ளை என்றால் டப்பாவில் வருவது. பூசாமல் விட்டதை வெள்ளை என்று அவரே பெயர் வைத்து, அவரே புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தார்.

மச்சானுக்குப் போன் போட்டார்.

“என்ன, மன்னிப்பா?”

“மச்சான், ஒன்பதாம் நம்பர் போட்டோல வானம் எப்படி இருக்கு?”

“மேகம் தெரியுது. ஏன்?”

“பதினாலுல?”

“ஒண்ணுமில்ல, வெளுத்துக் கிடக்கு. அது பழைய…” மச்சானுக்குப் பாதியிலேயே பொறி தட்டியது. “மாப்பிள்ளை, மேகம் விழணும்னா லென்ஸுக்கு முன்னாடி மஞ்சள் கண்ணாடி வச்சிருக்கான். அப்படி எடுத்தா மஞ்சள் வெளுத்துடும்.”

“வெள்ளையா?”

“வெள்ளையா விழும். அடப்பாவி! ரெண்டும் ஒரே விமானமா?”

“ஒரே ஒட்டு, ஒரே மூலை. ஒரு தடவை கறுப்பா விழுந்திருக்கு, ஒரு தடவை வெள்ளையா. நாம ரெண்டு விமானமாக்கி, ரெண்டு ஆளையும் ஏத்தி உட்கார வச்சிட்டோம்.”

“எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என் தொழிலு அது. தங்கச்சி ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

 தெருவுக்குத் தெரிந்தவரை அவள் எதையும் சொல்லாமல் விட்டவள் கிடையாது. பால்காரனுக்கு வண்டி நிறுத்தச் சொல்லிக்கொடுத்தவள். இதை மட்டும் விட்டிருப்பாளா? சொன்னாள். இதே மேசையில், தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டே, “இங்க பாருங்களேன், இந்த ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு” என்றாள். அவர் ஆல்பத்திலிருந்து தலையை எடுக்காமல், “நீ படத்தைப் போடு. கண்டுபிடிக்கிற வேலையை எங்ககிட்ட விடு” என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தத் தாளில் ஒரு கோடுகூடப் போடவில்லை. அடுத்த மாதம்தான் ஆஸ்பத்திரி.

முடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள் என்று எட்டு மாதமாக எதிரே வைத்துச் சாப்பிட்டாரே, அதில் முடிக்க ஒன்றுமே இல்லை. இது வேறு விமானமே இல்லை என்று தெரிந்து அவள்தான் அதை நிறுத்தியிருந்தாள். மிச்சம் இருந்தது ஒன்பதில் ஒரே ஒரு பட்டை.

“இருக்கீங்களா மாப்பிள்ளை?”

“இருக்கேன்.”

“அழறீங்களா?”

“இல்ல மச்சான். வாங்க. வரும்போது என் செருப்பைக் கொண்டாங்க.”

மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கலர்காரர் மஞ்சள் கலந்தார். அவள் பெட்டியிலிருந்த மஞ்சள் அதிகப் பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டுப் பழுப்பு சேர்த்தார். பிறகு ஒன்று சேர்த்தார். ஒரு பழைய தாளில் தீற்றி, காயவிட்டுப் பார்த்தார். மச்சான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவர் கருத்துச் சொல்லாமல் விட்ட ஒரே இடம் அதுதான். ஒன்பதாவது தாளில், பட்டைக்கு இரு பக்கமும் அவள் போட்ட கோட்டைத் தாண்டாமல் கலர்காரர் பூசினார். கீழ் ஓரத்தில் ஒரு மயிரிழை தாண்டிவிட்டது. துடைக்கப் போனார். பிறகு துடைக்கவில்லை.

மகள் வேலை முடிந்து வந்தபோது மேசை காலியாக இருந்தது. என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. தட்டை வைத்தாள், அம்மாவின் இடத்தில் தானே உட்கார்ந்தாள்.  “இன்னைக்குக் குழம்புல உப்பு ஜாஸ்தி” என்றார். அதைக் கேட்டுத்தான் அவள் எழுந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

வெள்ளிக்கிழமை, ஒன்பதும் பதினாலும் ஒரே விமானம் என்ற குறிப்போடு, பதிமூன்று படங்கள் போயின. பதினாலாவது தாளை அவர் ஆல்பத்துக்குள் வைத்து மூடினார். புத்தகம் வந்தபோது அட்டையில் மூன்று பெயர்கள் இருந்தன, அவள் பெயர் முதலில். தெருவில் அதை வாங்கியவர் எவருமில்லை, இரவல் கேட்டவர்கள் நாலு பேர்.

மகள் மூன்றாவது தடவை தேதியைத் தள்ளிப்போடவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, மறுவாரமே புருஷனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். மச்சான் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கலர்காரரின் மாடி அறைக்குக் குடிவந்தார். இப்போது வேறொரு படைப்பிரிவு, வேறொரு பட்டை, அதே சத்தம். தையல்காரம்மாதான் பாவம். தைக்கத் துணி கொடுத்துவந்த ஒரு துணிக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆறு தெரு தள்ளிப் போய்விட்டார். அங்கே எதிரே வெறும் சுவர்.