அச்சடிக்காத முதல் பக்கம்

குழாய்க்கடையில் வேலை பார்க்கும் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கடையில் எல்லோருக்கும் அவர் மிச்சம் அண்ணன். அறுத்துக் கொடுத்ததில் மிஞ்சிய சாண் நீளக் குழாயைக்கூட ஓரமாக எடுத்து வைத்து, "யாருக்காவது ஆகும்" என்பார். வேடிக்கை என்னவென்றால், யாராவது ஒருவர் அதையே கேட்டுக்கொண்டு வந்தும் விடுவார். அதனால் அவர் திருந்துவதற்கு ஒரு வழியும் இல்லாமல் போய்விட்டது. நாமும் அவரை அப்படியே கூப்பிடுவோம்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் துணி தைப்பவள். அதுவும் இந்தக் காலத்துத் தையல். துணி வெட்டுவதற்கான அளவுப் படத்தை, அதாவது பேப்பர் கட்டிங்கை, கம்ப்யூட்டரில் விலைக்கு வாங்கி, வீட்டிலேயே அச்சடித்து, தாள்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினால், ஒரு முழுச் சட்டைக்கான வெட்டு தரையில் விரிந்துவிடும். அதில் இருப்பதெல்லாம் கறுப்புக் கோடுதான். வேறு ஒரு நிறமும் கிடையாது.

அந்தக் கறுப்புக் கோட்டுக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அவளுடைய தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த கலர் பிரிண்டர் ஒன்று வீட்டில் இருந்தது. பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் மகா குடிகாரன். பத்து நாள் சும்மா விட்டால் மூக்கடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கிறேன் பேர்வழி என்று இருக்கிற இங்க்கையும் தானே குடித்துத் தீர்க்கும். ஒரு நாள் மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று காரணம் சொல்லி, கறுப்புக் கோடு போட மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"கோடு போடறதுக்கு எதுக்குய்யா மஞ்சள்?" என்று மிச்சம் அண்ணன் அந்த இயந்திரத்திடமே நியாயம் கேட்டார். அது ஒரு சிவப்பு விளக்கைக் கண்சிமிட்டிக் காட்டியதோடு சரி.

அவருக்கு வயிறு எரிந்தது. முதுகு வலிக்க வலிக்கக் குனிந்து தைக்கிறவளின் கூலியில் நல்ல பங்கு அந்தப் பெட்டியின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவருடைய சிக்கனத்தைப் பார்த்துக் கடையே சிரிக்கும். ஆனால் அதில் பாதி மனைவி மேல் இருந்த பாசம். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல்தான் மனிதர் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

யாரோ அலுவலகத்தைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர் பிரிண்டர் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்தார். கனமான கனம். நடையில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. மச்சினன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஏன் மாமா, இந்தக் காலத்துல போய் கறுப்பு வெள்ளையா? நாலு போட்டோ எடுக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"போட்டோ வேணும்னா கடையில காசு குடுத்து எடுத்துக்கறேன், மாப்ள. வருசத்துல ஒரு தடவை. உங்க அக்காவுக்கு வேண்டியது கோடு. கோடு கறுப்பு."

லேசர் அவர் பேச்சைக் காப்பாற்றியது. உள்ளே இருப்பது டோனர் என்கிற பொடி. மாதக் கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. டோனர் தீரப்போகிறது என்று விளக்கு எரிந்தால், மிச்சம் அண்ணன் பதறிக் கடைக்கு ஓட மாட்டார். பொடி இருக்கும் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டித் திரும்ப வைப்பார். ஓரத்தில் ஒதுங்கியிருந்த பொடி பரவி, இன்னும் பல நாள் ஓடும். சூடாக வந்து விழும் முதல் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அவருக்குத் தனி சுகம்.

அந்தச் சுகத்தில் வீட்டு அச்சு வேலை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார். எடுத்த வேகத்தில் ஒரு பாவாடைக்கான கட்டிங்கைத் தாள் மிச்சம் என்று இரண்டு பக்கமும் அடித்து வைத்தார். அதை எப்படி ஒட்டினாலும் பாதிப் பாவாடை தரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. மனைவி சிரித்து மாளவில்லை. "ஒட்டற தாளை ஒரு பக்கம்தாங்க அடிக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தாள். அவரும் கேட்டுக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் பேண்டு மாஸ்டர் வந்தார். விழாக்களுக்கு வாசிக்கும் எட்டுப் பேர் கொண்ட குழு அவருடையது. ட்ரம்பெட்டை அவரே ஊதுவார். நெஞ்சும் அதற்கேற்ற அகலம். எட்டுப் பேருக்கும் கையில்லாத கோட்டு வேண்டும், துணி அவரே எடுத்து வந்திருந்தார். கருஞ்சிவப்பு. அளந்து எடுத்த துணி, அரை முழம்கூடக் கூடுதல் கிடையாது.

"இது மட்டும் நல்லா அமைஞ்சிட்டா, எங்க குழுவோட மொத்தத் துணியும் உங்ககிட்டதாம்மா" என்றார் மாஸ்டர்.

அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் ஜிப் மாற்றுவது, கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, எப்போதாவது ஒரு பாவாடை. எட்டுக் கோட்டு என்றதும் முகமே மாறிவிட்டது. எட்டுப் பேரையும் வரவழைத்து நிற்க வைத்து, ஒவ்வொருவரையும் இரண்டு முறை அளந்தாள். இஞ்ச் டேப் அவள் கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. சாப்பிடும்போதுகூட அங்கேதான் கிடந்தது.

எந்தப் பேப்பர் கட்டிங்கிலும் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். நீளம் நாலு இஞ்ச், அகலம் நாலு இஞ்ச். அச்சடித்தவுடன் அதை அளந்து பார்க்க வேண்டும். நாலு இருந்தால், மீதித் தாள்களும் சரியான அளவில் வந்திருக்கின்றன என்று நம்பி வெட்டலாம். அந்தப் பக்கத்தில் கட்டத்தைத் தவிர வேறு உருப்படியாக ஒன்றும் இல்லை. கட்டிங்கை விற்றவரின் பெயர் மட்டும் கனத்த கறுப்புப் பட்டையில் கொட்டை எழுத்தில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பட்டையைத் திரையில் பார்த்த மிச்சம் அண்ணனுக்கு நெஞ்சு பதைத்தது. எவ்வளவு பொடி வீணாகும். இரண்டாம் பக்கத்திலிருந்து அச்சடிக்கும்படி கொடுத்தார்.

உடனே பிரிண்டர் ஒரு கேள்வி கேட்டது. ஓரம் வெட்டுப்படும்போல் இருக்கிறது, தாளுக்குள் அடக்கிவிடட்டுமா? நல்ல பிள்ளையாகக் கேட்கிறதே என்று அவரும் ஆமாம் என்றார்.

ஒட்டி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் கேட்டாள். "கட்டம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நாலு இருக்கா?"

"நாலேதான்."

அவர் பொய் சொல்லவில்லை. திரையில் அந்தக் கட்டத்துக்குள் 4 என்று பெரிதாக எழுதியிருந்தது. அதைத்தான் அவர் பார்த்திருந்தார்.

எட்டுப் பேருக்கும் துணி வெட்டியாயிற்று. மாஸ்டருடையதை முதலில் தைத்து முடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை போட்டுப் பார்க்க வரச் சொன்னாள். மாஸ்டர் ட்ரம்பெட்டும் கையுமாக வந்தார். கோட்டுக்குள் தோள் நுழைந்தது. மேல் பட்டன் வேண்டா வெறுப்பாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பட்டனுக்கு மாஸ்டர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நிக்கறதுக்குப் பரவாயில்ல. ஊதிப் பாக்கறேன்" என்று மூச்சை இழுத்தார்.

ஸ்வரம் வருவதற்குள் பட்டன் வந்துவிட்டது. சுவரில் மோதி, மூலையில் இருந்த லேசர் பிரிண்டரின் தட்டில் போய் விழுந்தது.

மாஸ்டர் சங்கடப்பட்டு, "நான் வேணா சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கறேம்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் நெஞ்சை மறுபடி அளந்தாள். முன்பு எடுத்த அதே அளவு. கோட்டை அளந்தாள். குறைந்தது. வெட்டி வைத்திருந்த மற்ற துண்டுகளை எடுத்து அளந்தாள். எல்லாமே குறைந்தன.

"அளவு சரியாத்தான் எடுத்திருக்கேன். வெட்டும்போதுதான் எங்கயோ என் கை தப்பிடுச்சு" என்றாள். "துணிக்கான பணத்தை நான் குடுத்துடறேங்க. வேற நல்ல டெய்லரா பாருங்க. நான் ஜிப் மாத்தறதோட நிறுத்தியிருக்கணும்."

மிச்சம் அண்ணன் பட்டனை எடுக்கப் பிரிண்டர் பக்கம் போயிருந்தார். பட்டன் கையில் இருக்கும்போதே, தான் அடிக்காமல் விட்ட முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. சத்தம் காட்டாமல் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டிங்கைத் திறந்து, பிரிண்டரின் கேள்விக்கு அன்றுபோலவே ஆமாம் சொல்லி, முதல் பக்கத்தை மட்டும் அடித்தார். தாள் சூடாக வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கடை டேப்பை இழுத்துக் கட்டத்தின் மேல் வைத்தார்.

மூணே முக்கால் இஞ்சும் அரை நூலும்தான்.

தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. பொடியைக் குற்றம் சொல்லலாம், துணி சுருங்கிவிட்டது என்றுகூடச் சொல்லிப் பார்க்கலாம். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சுருட்டி, நூல் டப்பாவுக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"உன் கை தப்பலம்மா" என்றார். "என் கைதான் தப்பிடுச்சு."

தாளை நீட்டினார். டோனரை மிச்சம் பிடிக்க முதல் பக்கத்தை அடிக்காமல் விட்டதையும், பிரிண்டர் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றதில் எல்லாம் சுருங்கி வந்ததையும், கட்டத்தைத் திரையில் பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நாலு இருக்கான்னு கேட்டேனேங்க."

"நாலுன்னு எழுதியிருந்துச்சு."

"எழுதியிருந்துச்சா?"

"நல்லா பெருசா எழுதியிருந்துச்சு."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், நீங்க குழாய்க்கடையிலதானே இருக்கீங்க? அங்கயும் குழாய் மேல எழுதியிருக்கறத படிச்சுட்டுத்தான் அறுத்துக் குடுப்பீங்களா?"

மிச்சம் அண்ணன் கடை டேப்பைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தார். அவளுக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா. ஆனால் அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவள் தோளில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. தன் கை தப்பவில்லை. அது ஒன்று போதும், மற்றதை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்.

டப்பாவைத் திறந்து டேப்பை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாஸ்டர், பட்டனைக் கழட்டிட்டு இன்னொரு தடவை ஊதுங்க" என்று டேப்பை அவர் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தாள். மாஸ்டர் ஊதினார். டேப் அவள் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போன தூரத்தைப் பார்த்து அவளே அசந்துவிட்டாள்.

"பழைய கோட்டுலயும் பட்டன் தெறிக்குமா?"

"தெறிக்காத நாளு ஏதும்மா? நாங்க ஊதற எல்லாரும் பையில ஊசி நூல் வெச்சிருப்போம்."

"அப்ப நான் சரியான அளவுல வெட்டியிருந்தாலும் இது தெறிச்சுத்தான் இருக்கும்" என்றாள். "நிக்கற ஆளுக்கு அளந்தேன். ஊதற ஆளுக்கு அளக்கல."

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கோட்டின் இரண்டு பக்கவாட்டுத் தையலையும் பிரித்தாள். அலமாரியில் தேடி, இழுத்தால் நீளும் கறுப்புப் பின்னல் துணியில் அக்குளிலிருந்து இடுப்புவரை பட்டை வெட்டி இரு பக்கமும் வைத்துத் தைத்தாள், தெறித்த பட்டனையும் திரும்ப வைத்தாள். மிச்சம் அண்ணன் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது, கத்தரியை எடுத்துக் கொடுப்பது என்று கேட்காமலேயே ஏவல் செய்தார். மாஸ்டர் ஒரு டம்ளர் காப்பியை முடித்து இன்னொன்றும் வாங்கிக் குடித்தார்.

கருஞ்சிவப்புக்குப் பக்கத்தில் கறுப்புப் பட்டை வேண்டுமென்றே வைத்ததுபோல் எடுப்பாக இருந்தது. எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு மாஸ்டர் ஊதினார். நீளமாக, நிறுத்தாமல், எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்வரை ஊதினார். பட்டை விரிந்தது, சுருங்கியது. பட்டன்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"எத்தனையோ வருசமா ஊதறேன்" என்றார் மாஸ்டர், மூச்சு வாங்கிக்கொண்டே. "கோட்டைப் போட்டுக்கிட்டு இன்னைக்குத்தான் முழுசா மூச்சு விட்டிருக்கேன். எட்டுலயும் இதே மாதிரி வெச்சிடுங்கம்மா. அடுத்தது கால்சட்டை, தொப்பி எல்லாம் இங்கதான்."

அவர் போனதும் மிச்சம் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு வகையில பாத்தா, நான் அந்தப் பக்கத்தை அடிக்காம விட்டதாலதான்..."

"அந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள் அவள்.

சேதி தெரிந்து மச்சினன் வந்து வயிறு குலுங்கச் சிரித்தான். "கலர் பிரிண்டரா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா மாமா?" என்றான். "ஆகியிருக்காது. மஞ்சள் இல்லன்னு இன்னும் முதல் பக்கத்துக்கே வந்திருக்காது" என்றாள் அக்கா. மிச்சம் அண்ணனுக்கு அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

கால்சட்டைக்கான கட்டிங் வந்த நாளில் அவர் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் அதே கறுப்புப் பட்டை, அதே கொட்டை எழுத்து. பொடியைக் குறைத்து வெளிறலாக அடிக்கும் வசதி ஒன்று இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. கை அதன் பக்கம் போய், திரும்பி வந்துவிட்டது. தாளுக்குள் அடக்கட்டுமா என்று பிரிண்டர் கேட்டது. வேண்டாம் என்றார். முதல் பக்கம் முழுக் கறுப்பில், சூடாக வந்து விழுந்தது. கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, டேப்பை எடுத்தார்.

"நாலு" என்று குரல் கொடுத்தார்.

தையல் மிஷின் சத்தம் நின்றது. "எழுதியிருக்கா, அளந்தீங்களா?"

"அளந்தேம்மா."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.