நாலாவது மாடிப் படிக்கட்டு

பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான தலையெழுத்து உண்டு. வேலை நன்றாக அமைந்துவிட்டால் அது யார் கண்ணிலும் படக் கூடாது. மெழுகில் வடித்து, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, ஈறின் சிவப்புக்கு ஏற்ற சிவப்பு, பல்லின் மஞ்சளுக்கு ஏற்ற மஞ்சள் என்று அங்கே வேலை பார்க்கும் அவளும் பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்புவாள். அது முகம் தெரியாத ஒருவர் வாய்க்குள் போய் மறைந்துவிடும். அவர் அதை வைத்துக்கொண்டு சிரித்தாரா, முகம் சுளித்தாரா, தெரியாது. பல் மருத்துவரிடமிருந்து ஃபோன் வந்தால் ஏதோ குறை என்று அர்த்தம். வராவிட்டால் அதுதான் பாராட்டு.

அதனால்தான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவ்வளவு முக்கியம்.

சலவைக்கடையின் மாடியில் ஓர் அறை. கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் சுற்றும்போது மேலே தரை மெல்ல அதிரும். மேசையில் வைத்த டீயில் வட்டம் வட்டமாக அலை எழும். சோப்பு வாசனை. அந்த அறையில் வாராவாரம் கூடுகிறவர்கள், பொழுதுபோக்காக கம்ப்யூட்டர் விளையாட்டுகள் உருவாக்குகிறவர்கள். சலவைக்கடைக்காரர் மீன்களை வைத்தே விளையாட்டுகள் செய்வார். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ், ஆரம்பித்த எதையும் முடித்ததில்லை. எப்போதும் நீலச் சட்டையில் வரும், லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்கை எல்லாரும் லிஃப்ட் அண்ணன் என்பார்கள். அவளை பல்லக்கா என்பார்கள். அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெட்டி உண்டு. பெட்டி என்றால் கம்ப்யூட்டரில்தான். வரைந்த படமோ பதிவு செய்த சத்தமோ, யார் போட்டதையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

புது விளையாட்டு ஒன்று மேசைக்கு வந்தால், செய்தவர் பேசக் கூடாது. "இல்ல இல்ல, அங்க தாவணும்" என்று சொல்லிக்கொடுக்க எல்லாருக்கும் நாக்கு துறுதுறுக்கும். அதற்காக ஒரு ஏற்பாடு. சலவைக்கடையிலிருந்து கொண்டுவந்த மரத் துணிக்கிளிப்புகள் ஒரு டப்பாவில் இருக்கும். செய்தவர் ஒன்றை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு உட்கார வேண்டும். மற்றவர்கள் விளையாடி, திணறி, திட்டி முடிக்கும்வரை கிளிப்பை எடுக்கக் கூடாது. கிளிப்புகள் எல்லாவற்றிலும் பல்தடம். எந்தத் தடம் யாருடையது என்று அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். தொழில் அப்படி.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த விளையாட்டும் தொடங்கியதும் வலப்பக்கம் போகச் சொல்லும். இவர்கள் விளையாட்டுகளில் மட்டும், பிடிவாதமாக இடப்பக்கம் நடந்தால் சுவரைத் தாண்டி ஒரு அறைக்குள் போகலாம். அதற்குப் பின்கட்டு என்று பெயர். அங்கே இவர்கள் எல்லாரும் பொம்மை உருவத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் போய் நின்றால், அந்த விளையாட்டைப் பற்றி மேசையில் என்ன திட்டினார்களோ அதையே சொல்வார்கள்.

எழுதாத சட்டம் ஒன்றே ஒன்று. விற்பனைக்குப் போனது மேசைக்கு வராது; மேசைக்கு வந்தது விற்பனைக்குப் போகாது.

அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். தன் விளையாட்டை விற்கப் போகிறேன் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் பொதுப்பெட்டியிலிருந்து தன் படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம், இங்கே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து கேட்டார். மேசையில் பேச்சே நின்றுபோனது. அவர் வருவதும் நின்றுபோனது. சட்டத்தைச் சொன்னவர் லிஃப்ட் அண்ணன்.

இப்போது அவள் அதை மீறியிருந்தாள்.

அவளுடைய விளையாட்டின் பெயர் 'வாயைத் தேடி'. ஒரு கிழவரின் பல்செட் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தொலைந்துபோகிறது. அது தானே துள்ளித் துள்ளி மாடி ஏறி, உச்சி மாடியில் சோற்றுத் தட்டின் முன் உம்மென்று உட்கார்ந்திருக்கும் கிழவரின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். மேசையில் அதற்கு ஏகப்பட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளுக்கு ஒரு ஆசையைக் கிளப்பிவிட்டது. இந்த அறையைத் தாண்டி ஒருவர், அவளை யாரென்றே தெரியாத ஒருவர், இதை விளையாடுவாரா? இணையக் கடை ஒன்றில் விலை போட்டு வைத்தாள். அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த ஞாயிறு வந்தபோது அதற்கடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தாள்.

கடைக்கென்று பின்கட்டு இல்லாத பிரதி ஒன்றைத் தனியாகத்தான் செய்து வைத்திருந்தாள். ஏற்றும்போது கை தவறி மேசைப் பிரதியை ஏற்றிவிட்டாள்.

சலவைக்கடைக்காரரின் செய்தி வந்தபோது அவள் கூடத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்க பின்கட்டு சந்திக்கு வந்துடுச்சு. யாரோ விளையாடி வீடியோ போட்டிருக்காங்க. லிஃப்ட் அண்ணனும் பாத்துட்டார். ஞாயித்துக்கிழமை வாங்க." அவள் வீடியோவைப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் இடப்பக்கம் நடந்து உள்ளே போய்விட்டிருந்தாள். நீலச் சட்டை பொம்மை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது: "நாலாவது மாடியில கால் வைக்க இடமே இல்ல. இந்தப் படியக் கட்டின மேஸ்திரிய முதல்ல உள்ள தள்ளணும்." அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். வீடியோவுக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்தது ஒரே கேள்விதான்: இந்த நீலச் சட்டை மனுஷன் நிஜமாகவே இருக்கிறாரா?

கடைவாய்ப் பல் கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்துபோனது.

ஞாயிறு காலை அவள் அடுக்களையில் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துலக்குவதை அவள் கணவன் பார்த்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வாரம் முழுக்கப் பிள்ளைகள் கூச்சலில் இருப்பதால் வீட்டில் மெதுவாகத்தான் பேசுவான்.

"போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிறியா?"

"போனா திட்டுவாங்க."

"போகலன்னா?"

"திட்ட மாட்டாங்க."

"அப்ப போயிட்டு வா. அவங்ககிட்ட திட்டு வாங்கலன்னா உனக்கு அந்த வாரமே ஓடாது."

"இனிமே வராதேன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவன் டம்ளரைக் கழுவி வைத்தான். "சொன்னா அப்புறம் பாத்துக்கலாம். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிக்காத."

அவள் மாடி ஏறியபோது எல்லாரும் வந்திருந்தார்கள். லிஃப்ட் அண்ணன் ஜன்னல் ஓரம், கைகளைக் கட்டிக்கொண்டு. அதே நீலச் சட்டை. யாரும் டீ ஊற்றவில்லை.

"நானே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்," என்றாள்.

"என்னைக் கேக்காம என் வாய வித்துட்டீங்க," என்றார் லிஃப்ட் அண்ணன்.

"வேணும்னு பண்ணலண்ணே. பிரதி மாறிப்போச்சு. இன்னிக்கே பின்கட்ட எடுத்துடறேன்."

"அட, அதுல என்னண்ணே இவ்வளவு கோவம்? ஊரே உங்க ரசிகர் ஆயிடுச்சு," என்றாள் நர்ஸ். "வித்தா குத்தமா? நான் சம்பளம் வாங்கிட்டுதான் ஊசி போடறேன். அதனால பிள்ளைங்க மேல எனக்குப் பாசம் இல்லன்னு ஆயிடுமா?"

"நீ ஒண்ணாவது முடி. அப்புறம் விக்கறதப் பத்திப் பேசலாம்," என்றார் சலவைக்கடைக்காரர்.

"நான் ஊசியப் பத்திப் பேசறேன், இந்த மீன்காரரு முடிக்கறதப் பத்திப் பேசறாரு!"

லிஃப்ட் அண்ணன் சிரிக்கவில்லை. "இது கோவம் இல்லம்மா. கண்ணாடிக்காரர் கெட்டவர் இல்ல. ஆனா அவர் விக்க ஆரம்பிச்சதும் நாம என்ன பண்ணோம்? நல்லாருக்கு, நல்லாருக்குன்னு தலையாட்டினோம். குறை சொன்னா அவர் பொழப்புல மண்ணு போடற மாதிரி இருந்துச்சு. இங்க யாருக்கும் இதுல பொழப்பு இல்ல. அதனாலதான் நெஞ்சுல இருக்கறதச் சொல்றோம். காசு உள்ள வந்தா வாய் சின்னதாயிடும்."

அவர் சொன்னது நடந்ததை அவளும்தான் பார்த்தாள். அன்று தலையாட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

"அப்புறம் ஏன் வித்தீங்க? சும்மாவே குடுத்திருக்கலாமே?" என்று லிஃப்ட் அண்ணன் கேட்டார். குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சும்மா குடுத்தா எடுத்து வெச்சுட்டு மறந்துடறாங்கண்ணே. ஒரு விலை போட்டா, வாங்கினோமேன்னு திறந்தாவது பாப்பாங்கன்னு நெனச்சேன். பாத்தாங்க. நட்சத்திரம் போட்டாங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு முகமும் தெரியல. எங்க சிரிச்சாங்க, எங்க கடுப்பானாங்க, ஒண்ணும் தெரியல. மறுபடியும் பல்செட் அனுப்பற மாதிரியே ஆயிடுச்சு. விக்கறத வேணும்னா நிறுத்திடறேன். இந்த மேசைய விட முடியாது."

தரை அதிர்ந்தது. கீழே யாருடைய போர்வையோ சுற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்தறது இருக்கட்டும்," என்று லிஃப்ட் அண்ணன் சடாரென்று திரும்பினார். "காசு வாங்கறவங்க பொருளை ஒழுங்காக் குடுக்க வேண்டாமா? நாலாவது மாடிய இன்னும் அப்படியேதானே வெச்சிருக்கீங்க? படியோட மூணாவது தட்டு..."

பாதியில் நிறுத்தினார்.

நர்ஸ் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டாள். "அண்ணே, அந்த வீடியோவுல அந்தப் பொண்ணு நாலாவது மாடிக்கே போகலையே. அது அப்படியே இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லிஃப்ட் அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

"வாங்கிட்டீங்களா?"

"என் மூஞ்சிய வெச்சு என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு நான் பாக்க வேண்டாமா?"

"வித்தது இந்த மேசைக்கு வராது. ஆனா உங்க வீட்டு மேசைக்கு வந்துடுச்சு!" சலவைக்கடைக்காரர் சிரித்ததில் நாற்காலி பின்னால் சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கி? தாண்டினீங்களா?" என்று கேட்டாள் அவள். தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

"எங்க தாண்டறது! சாப்பாட்டு நேரத்துல விளையாடினேன், பஸ்ல விளையாடினேன். என் பொண்டாட்டி, இந்தப் பல்ல மேல ஏத்தற அக்கறையில பாதி நம்ம குழாய் மேல இருந்தா ஒழுகறது நின்னிருக்கும்ங்கிறா. அது எப்படிங்க, அத்தனை மாடிக் கட்டடத்துல ஒரு லிஃப்ட் கூடவா இருக்காது?"

"கடையில குறை எழுதற இடம் இருக்குல்ல, அங்க எழுதிவிட வேண்டியதுதானே," என்றாள் நர்ஸ்.

"எழுதினேன்." அவர் குரல் இறங்கியது. "எழுதிட்டு அழிச்சுட்டேன். அங்க எழுதினா நாலு பேரு முன்னாடி அவங்கள அடிச்ச மாதிரி இருக்கும். இதையெல்லாம் சொல்ற இடம் இது. இங்க சொல்லலாம்னு பாத்தா..." மேசையைப் பார்த்தார். "நான் போட்ட சட்டம் என் வாயிலயே கிளிப்ப மாட்டிடுச்சு."

அவரே எழுந்து டப்பாவைத் திறந்தார். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தடம் பார்க்கத் தெரியாது. யாருடையதையோ எடுத்து, முகர்ந்து, முகம் சுளித்து வைத்தார். கடைசியில் டப்பாவையே அவள் முன் தள்ளினார்.

"உங்களுது எதுன்னு நீங்களே எடுத்துக்குங்க."

"அப்ப சட்டம்?" என்றார் சலவைக்கடைக்காரர்.

"விக்கறவங்க விக்கட்டும். மேல வரும்போது எல்லாரையும் மாதிரி கிளிப்பக் கவ்விட்டு உக்காரணும். பெட்டியில போட்டதத் திரும்ப எடுக்கக் கூடாது. யாராவது கையெழுத்துக் காகிதம் கொண்டு வந்தா, அன்னிக்கு முதல் ஆளா நான் கீழ இறங்கிடுவேன்." பிறகு அவளிடம், "பின்கட்ட எடுக்க வேண்டாம். அந்தப் பொண்ணு அப்படிச் சிரிக்குது, எதுக்குக் கெடுக்கணும். ஆனா சட்டை நீலம் ரொம்ப வெளிறியிருக்கு. புதுசு வாங்கிட்டேன். இன்னும் கொஞ்சம் கெட்டியாப் போடுங்க."

நர்ஸ் டீ ஊற்ற ஆரம்பித்தாள்.

அவள் தன் கிளிப்பைத் தேடி எடுத்தாள். முன்பற்களில் ஒன்று மற்றதைவிடச் சற்று முன்னால் இருப்பதால் தடமும் கோணலாக விழுந்திருக்கும். ஊருக்கெல்லாம் வரிசைப்பல் செய்கிறவளுடைய சொந்தப் பல். கவ்விக்கொண்டு உட்கார்ந்தாள்.

லிஃப்ட் அண்ணன் கணினியை இழுத்து எதிரே வைத்துக்கொண்டார். முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது என்று பல்செட் குதூகலமாகத் துள்ளிப் போனது. நாலாவது மாடியில் விழுந்தது. மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது.

அவள் திரையை ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். அவர் கண்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவர் பார்வை படியின் விளிம்புக்குப் போகவில்லை. அதற்கு ஒரு விரற்கடை முன்னால், படிக்குக் கீழே அவள் ஆசை ஆசையாக வரைந்திருந்த நிழலில் போய் நின்றது. நிழலைத்தான் விளிம்பு என்று நம்பி அவர் முன்கூட்டியே தாவிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் படி கடினம் என்றே நினைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. படியில் ஒன்றும் இல்லை. நிழலைச் சற்று உள்ளே தள்ளி வரைந்தால் போதும்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்! இதைக் கட்டினவங்களுக்குக் கண்ணு இருக்கா?" என்று லிஃப்ட் அண்ணன் மேசையைத் தட்டினார். டீயில் அலை எழுந்தது.

நிழல் என்று சொல்ல அவள் நாக்கு துறுதுறுத்தது. கிளிப்பை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டாள். மரத்தில் புதுத் தடம் விழுந்தது. கிளிப்புக்குப் பின்னால் அவள் சிரிப்பதை எதிரே இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.